மாத்திரைக் குப்பியில் ஒரு சாட்சி

கல்யாணமான புதிதில் இவர் சட்டையெல்லாம் விளக்கெண்ணெய் வாசனை வீசும். மனுஷனுக்கு வயிற்றில் ஏதோ கோளாறு, புதுப் பெண்டாட்டியிடம் சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்து, கொஞ்ச நாள் காரமே இல்லாமல் சமைத்துப் போட்டேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனிக் கதவைத் திறந்தால், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு இன்ஜினை மரக்கட்டையில் முறுக்கி வைத்து, அதன் முன்னால் இருந்த விசிறியை விரலால் தட்டித் தட்டிச் சுற்றிக்கொண்டிருக்கிறார். இன்ஜின் இருமியது, துப்பியது. என் புதுப் புடவையில் பொட்டுப் பொட்டாக எண்ணெய் தெறித்தது.

"பொம்மை ஏரோப்ளேன் இன்ஜின்," என்றார், பிள்ளை பிறந்த சேதி சொல்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. "இதுக்குக் குடிக்க விளக்கெண்ணெய் கலந்துதான் குடுக்கணும்."

அந்த உப்புச்சப்பில்லாத சாப்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. ஏன் காரமில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கமாட்டார். இவர்கள் குடும்பத்து ஆண்களுக்கு வாய் திறந்து கேட்பது என்றால் பல் பிடுங்குவது மாதிரி. இந்தக் கதையே அதைப் பற்றியதுதான்.

இவர் பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் பாதி வழியில் மாட்டிக்கொண்டாலும் இவருக்குத்தான் போன் வரும். உள்ளே அழுகிறவர்களிடம் வெளியிலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை பார்ப்பதில் கெட்டிக்காரர். "பயப்படாதீங்க, எங்கயும் விழமாட்டீங்க, காலையில என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்டுக் கேட்டே ஆளை அமைதியாக்கிவிடுவார். வீட்டுக்கு வந்தால் அந்தச் சாமர்த்தியமெல்லாம் கருவிப் பையோடு மூலைக்குப் போய்விடும். வீட்டில் அவர் பேசுவது பெரும்பாலும் பிளக்கோடுதான்.

பிளக் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியாது. இந்தக் குட்டி இன்ஜினின் தலையில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு சமாச்சாரம் திருகியிருக்கும். அதற்குள் தலைமுடிச் சுருள் போல ஒரு கம்பி. பேட்டரியை மாட்டினால் கம்பி பழுக்கும். அந்தச் சூட்டில் எண்ணெய் கலந்த ஸ்பிரிட் பற்றிக்கொண்டு இன்ஜின் ஓடத் தொடங்கும். ஓடத் தொடங்கியதும் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். பிறகு உள்ளே எரிகிற சூடே கம்பியை அணையாமல் பார்த்துக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் ஓடினால்தான் அது பிளக், இல்லாவிட்டால் குப்பை என்பது இவர் தீர்ப்பு.

புது இன்ஜின் என்றால் கடையில் புதுப் பிளக் வாங்கித் திருகிவிட்டுப் போகலாம். இவருக்குப் பிடித்ததெல்லாம் இவரைவிட வயதான இன்ஜின்கள். சிலவற்றில் அந்தக் காலத்துப் பெரிய பிளக்குக்கான ஓட்டை இருக்கும். இன்றைய பிளக்கை அதில் போட்டால் அப்பா செருப்புக்குள் குழந்தைக் கால் மாதிரி ஆடும். பித்தளையில் புஷ் என்று ஒரு வளையம் கடைந்து, வெளிப்பக்கம் பெரிய மரையும் உள்பக்கம் சின்ன மரையும் போட்டு ஓட்டையைச் சுருக்க வேண்டும். இன்னும் சிலவற்றில் தலையும் பிளக்கும் ஒரே துண்டாக வந்திருக்கும். கம்பி போனால் தலையே போச்சு, புதுத் தலை கடைய வேண்டும். பிளக் துளி நீளமானால் பிஸ்டன் வந்து முட்டும். முட்டாமலிருக்க அடியில் செம்பு வாஷர் வைத்துத் தூக்கினால் அழுத்தம் குறைந்து இன்ஜின் சோம்பிப் போகும். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பதை நான் பழமொழியாக அல்ல, பால்கனியில் நேரிலேயே பார்த்திருக்கிறேன். துணி காயப்போட வேண்டிய இடத்தில் கடைசல் மெஷின் உட்கார்ந்திருக்கிறது. துணி சாப்பாட்டு அறையில் காய்கிறது.

பொம்மை விமானம் விடும் சங்கத்தில் இவருக்குப் பெயர் டாக்டர். தபால்காரரிலிருந்து பல் வைத்தியர் வரைக்கும் செத்துப்போன பிளக்கைக் காகிதத்தில் பொதிந்து கொண்டுவருவார்கள். "செத்துப் போச்சு டாக்டர்" என்று யாராவது சொல்லிவிட்டால் இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "கண்ணால பாத்துச் சொல்லாதீங்க. பேட்டரி வெச்சுப் பாத்துச் சொல்லுங்க." துணிக்கிளிப்பில் பிளக்கைக் கவ்வவைத்து, பேட்டரியைத் தொடவைத்து, கையால் மறைத்து நிழலில் பார்ப்பார். செங்கல் நிறம் போதாது, பழுத்த ஆரஞ்சு நிறம் வேண்டும். அதில் தேறினால் இன்ஜினில் மாட்டி ஓட்டி, பேட்டரியைக் கழற்றும்போது சத்தம் இறங்குகிறதா என்று கண்ணை மூடிக் காதால் பார்ப்பார். கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். எத்தனையோ பிளக்குகள் இவர் கையில் உயிர் பிழைத்திருக்கின்றன. பிழைக்காதபோது நான், விளக்கெண்ணெய்க்குக் கேடே தவிர பிள்ளை பிழைத்தபாடில்லை என்பேன். அந்த நாள் முழுக்க என்னோடு பேசமாட்டார்.

இப்படி ஊரார் பிளக்கையெல்லாம் சோதித்த மனுஷன், சொந்தப் பிளக் ஒன்றை மட்டும் சோதிக்கவே இல்லை. அது தலைவலி மாத்திரைக் குப்பி ஒன்றில், பஞ்சு சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் சாட்சி.

யாருக்கு எதிரான சாட்சி என்றால், மேல் மாடியில் குடியிருக்கும் சொந்த அண்ணனுக்கு எதிராக.

என் மூத்தார் டெய்லர். அவர் தைத்த சட்டை தோளில் உட்காருகிற அழகே தனி. அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்துதான் ஒரு காலத்தில் பழைய இன்ஜின் ஒன்றை வாங்கினார்கள். தலையும் பிளக்கும் ஒரே துண்டாக உள்ள ஜாதி. இன்ஜினைத் துடைத்துச் சரிபண்ணியது தம்பி. இறக்கைக்குப் பட்டுத்துணி போர்த்தியது அண்ணன். குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் கிடந்தார்கள். நானும் என் ஓரகத்தியும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

விமானம் பறக்க வேண்டிய நாளில் எல்லோருமாக மைதானத்துக்குப் போனோம். தம்பி கொண்டுவந்த பேட்டரியை அண்ணன் பிளக்கில் மாட்டினார். சட்டென்று ஒரு பொறி. வயர் சூடாகிவிட்டது. அப்புறம் பிளக் ஒளிரவே இல்லை. அண்ணன் தலையைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"கம்பி எரிஞ்சு போச்சு. என்ன பேட்டரிடா இது, யானைக்கு வெக்கிறதா?"

"பேட்டரி சரியான பேட்டரி. உங்களுக்கு மாட்டத் தெரியல."

"எனக்கா தெரியல?"

அவ்வளவுதான். உன் இன்ஜினை நீயே வைத்துக்கொள், உங்கள் இறக்கையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று முடிந்தது. திரும்பி வரும்போது ஒரே பஸ்ஸில் அண்ணன் முன்னால், தம்பி பின்னால். நடுவில் நானும் ஓரகத்தியும், மடியில் இறக்கையோடு.

அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். இறக்கை மேல் மாடியில் தையல் மெஷினுக்கு மேலே தொங்கியது. எரிந்துபோனதாகச் சொல்லப்பட்ட தலை எங்கள் அலமாரிக்கு வந்தது. சேதி சொல்ல வேண்டுமென்றால் ஓரகத்தி என்னிடம் சொல்வார், நான் இவரிடம் சொல்வேன். பதில் அதே வழியில் மேலே ஏறும். ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டிக் கொடுக்கிறவர், அண்ணன் உள்ளே இருந்தால் படியேறி வருவார். அண்ணன் மட்டும் என்ன, லிஃப்டில் தம்பி நிற்கிறார் என்றால் ஷூவுக்கு லேஸ் கட்டுகிற மாதிரி வாசலிலேயே குனிந்துவிடுவார். அவர் போடுவது செருப்பு.

இந்தக் கூத்து எங்கள் பெண் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் ஆரம்பித்தது. அவள் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள்.

போன மாதம் ஓரகத்தி, எங்கள் பால்கனியில் விழுந்த துணியை எடுக்க வந்த சாக்கில் சொன்னார்: "உன் மூத்தார் கடையை மூடப்போறாரு. கண்ணு முன்ன மாதிரி இல்ல. பொண்ணு வரச்சொல்லிக்கிட்டே இருக்கா. வீட்டையே காலி பண்ணிட்டு அங்கேயே போயிடலாம்னு இருக்கோம்."

அவர்கள் பெண் இருப்பது நாள் முழுக்கப் பஸ்ஸில் போகும் தூரம். சாயங்காலம் இவரிடம் சொன்னேன்.

"போகட்டுமே," என்றார்.

சொல்லிவிட்டு, கொண்டுவந்த காபியைக் குடிக்காமல் பால்கனிக்குப் போனார். எத்தனையோ வருஷமாகத் துணி சுற்றிக் கிடந்த அந்தப் பழைய இன்ஜினை வெளியே எடுத்து மரக்கட்டையில் பூட்டினார். அதற்குத் தலை இல்லை. அலுமினியத்தில் புதுத் தலை கடைய உட்கார்ந்தார்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருந்தாலும் அவர் வாயால் வரட்டும் என்று கேட்டேன். "என்னங்க, இதுக்கு இப்ப என்ன அவசரம்?"

கடைசல் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு தடவை ஓடினா போதும். அண்ணன் போறதுக்கு முன்னாடி அவர் காதுல விழணும். அவ்வளவுதான்."

"மேல போய் ஒரு வார்த்தை பேசினா அதைவிட நல்லா காதுல விழுமே?"

மெஷினை ஓடவிட்டார். எனக்கு அன்றைக்குப் பயம் வந்தது. இந்த மனுஷன் அண்ணனைப் பேசாமலே அனுப்பிவிட்டால், மிச்ச நாளெல்லாம் அந்த இன்ஜினைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. தட்டிக்கொண்டு இருந்தாலாவது பரவாயில்லை. தட்டாமல் வெறுமே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வேன்?

முதல் தலையில் பிளக் நீண்டு பிஸ்டனில் முட்டியது. அடுத்த தலை ஒழுகியது. அதற்கடுத்ததில் வாஷர் மாற்றி மாற்றி வைத்தார். பேட்டரி இருக்கும் வரை ஓடும், கழற்றினால் இரண்டு இருமல் இருமிச் செத்துவிடும். வேலையிலிருந்து வந்ததும் ஆரம்பித்துவிடுவார், டக், டக், டக் என்று. சுட்டுவிரல் வீங்கி நடுவிரலுக்கு மாறினார். மேலே அண்ணன் வீட்டில் பெட்டி கட்டும் சத்தம் கேட்கும். கீழே இவர் தட்டும் சத்தம். இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று பேசாது.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "ஊர்ல இருக்கிற தலையெல்லாம் கடையறீங்களே, அந்தக் குப்பியில இருக்கிற அசல் தலையைப் பேட்டரி வெச்சுப் பாத்தீங்களா?"

"அது எரிஞ்சு போனதுடி."

"யாரு சொன்னா?"

"அண்ணன்தான் வெயில்ல தூக்கிப் பாத்துச் சொன்னாரே. நானும் பாத்தேன். கன்னங்கரேல்னு இருந்துச்சு."

"கண்ணால பாத்துச் சொல்லக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றது யாரு?"

அவருக்குக் காது சிவந்தது. "அது சாட்சி. சாட்சியை யாராவது சோதிப்பாங்களா?"

"கோர்ட்டுலகூட சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ணுவாங்க."

மறுநாள் காலை குப்பியை என் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் மாட்டுகிறவள். எறும்புக்குக் காது குத்துகிற அளவு திருகாணியோடுதான் என் பிழைப்பு. தலையை வெளியே எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு ஊற்றிய விளக்கெண்ணெய் உள்ளே பழுப்புப் பிசினாக இறுகிப் போயிருந்தது. கம்பி இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. இதைப் பார்த்தா அண்ணனும் தம்பியும் தீர்ப்புச் சொன்னார்கள்?

ஸ்பிரிட்டில் ஊறப்போட்டேன். பிறகு கண்ணாடிகளைக் கழுவும் தொட்டியில் போட்டேன். தண்ணீரை அதிரவைத்தே அழுக்கை உதிர்க்கிற தொட்டி அது. முதலாளி எட்டிப் பார்த்து, "இது யார் கண்ணாடிம்மா?" என்றார். "எங்க வீட்டுக்காரர் கண்ணாடி சார். ரொம்ப வருஷமா அழுக்கு," என்றேன்.

மத்தியானத்துக்குள் பிசின் கரைந்துவிட்டது. பெரிதாக்கிக் காட்டும் லென்ஸை வைத்துப் பார்த்தபோது கம்பி முழுசாக, ஒரு சுற்றுகூடக் குலையாமல் உட்கார்ந்திருந்தது. தொட்டியின் அடியில் மயிரிழை போல ஒரு அலுமினியத் துருவல் மினுங்கியது. அதைக் காகிதத்தில் பொதிந்து, லென்ஸோடு எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் துணிக்கிளிப்பில் தலையைக் கவ்வவைத்துப் பேட்டரியை மாட்டினேன். பழுத்த ஆரஞ்சு நிறம்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்று வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

துருவலை லென்ஸ் வழியாக வெகுநேரம் பார்த்தார். பிறகு தானாகவே சொன்னார்: "மைதானத்துக்குப் போறதுக்கு முதல் நாள், இன்ஜின் பூட்டற தகட்டுல ஓட்டை பத்தலைன்னு அரம் போட்டோம். நானும் போட்டேன், அண்ணனும் போட்டாரு. இன்ஜினை மூடி வைக்கணும்னு ரெண்டு பேருக்கும் தோணல. துருவல் உள்ள போய்க் கம்பிக்கும் சுவருக்கும் நடுவுல பாலம் போட்டிருக்கு. கரண்டெல்லாம் அது வழியாப் போயிருக்கு. அதான் பொறி. அதான் வயர் சூடு." துருவலைத் திரும்பக் காகிதத்தில் மடித்தார். "பேட்டரியும் சரி. மாட்டினதும் சரி."

"அப்ப மேல போய்ச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது? இத்தனை வருஷம் சும்மாதான் பேசாம இருந்தோம்னா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தப்பு அண்ணன்மேல் இருந்திருந்தால்கூட மன்னித்துவிட்டு மேலே போயிருப்பார். யார்மேலும் தப்பில்லை என்றால் எந்த முகத்தோடு போவது? கதவருகே போய்ச் செருப்பில் ஒரு கால் விட்டார். எடுத்துவிட்டார். "இன்ஜினே சொல்லட்டும்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை லாரி வந்துவிட்டது. முதல் நாள் சாயங்காலமே இவர், யாரும் சொல்லாமல், எங்கள் கட்டடத்து லிஃப்டுக்கு எண்ணெய் போட்டுப் பிரேக் பார்த்து வைத்திருந்தார். எதற்கு என்றதற்கு, "கனமான மெஷின் இறங்கப் போகுது" என்றார். தையல் மெஷின் பூப்போல இறங்கியது. பட்டு இறக்கையைப் படுக்கை விரிப்பில் சுற்றி லாரியின் மேல்தட்டில் கட்டினார்கள்.

இவர் மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். "பால்கனியில புகை நிக்குது," என்று யாரும் கேட்காமலே என்னிடம் சொன்னார். லாரிக்கு எதிரே சுவரோரம் பூட்டி, அசல் தலையைத் திருகி, ஸ்பிரிட் ஊற்றி, பேட்டரி மாட்டித் தட்டினார். மேலே பால்கனியில் அண்ணன் நின்றிருந்தார். பக்கத்தில் தலையணையோடு ஓரகத்தி.

இன்ஜின் பிடித்துக்கொண்டது. பேட்டரியைக் கழற்றினார். சத்தம் தொய்ந்து, இருமி, நின்றது.

மறுபடி தட்டினார். மறுபடி நின்றது. லாரிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இவர் கழுத்தில் வியர்வை வழிந்தது. அசல் பிளக் இருந்தும் ஏன் அணைகிறது என்று எனக்குப் புரியவில்லை. இன்னும் இரண்டு பெட்டிதான் ஏற்ற வேண்டியிருந்தது.

"டேய்! தலைக்கு அடியில என்னடா வாஷர் போட்டிருக்கே?"

மேலேயிருந்து வந்தது குரல். ஓரகத்தி தலையணையைக் கீழே போட்டுவிட்டார். அது லாரிக்காரர் தலையில் விழுந்தது. அவர் அதைக் கட்டிப்பிடித்தபடி மேலே பார்த்தார்.

இவர் நிமிரவில்லை. இன்ஜினைப் பார்த்தே பதில் சொன்னார். "செம்புத் தகடு. நானே வெட்டினது."

"தடிமன்டா அது. சத்தமே தொளதொளன்னு இருக்கு, அளவு தப்பின சட்டை மாதிரி."

"மெல்லிசு போட்டா ஒழுகுது. அசல் வாஷர்தான் அன்னிக்கே மைதானத்துல தொலைஞ்சு போச்சே."

நிமிர்ந்து பார்த்தேன். பால்கனியில் ஆளில்லை. போய்விட்டார் என்று நினைத்தேன். அப்போது லிஃப்ட் இறங்கும் ஓசை கேட்டது. அண்ணன் பொத்தான் டப்பாவோடு வெளியே வந்தார். டப்பாவைக் கிளறி, சட்டைப் பொத்தான்களுக்கு நடுவிலிருந்து மோதிரம் போல் மெலிசாக ஒரு செம்பு வாஷரை எடுத்தார்.

"தொலையல. அன்னிக்குத் தலையைக் கழட்டினப்ப என் கட்டைவிரல்ல ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. வீட்டுக்குப் போய்த்தான் பாத்தேன்."

"இத்தனை வருஷமா வெச்சிருந்தீங்களா?"

"இந்த மாசம் முழுக்க மேல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். இதோட இருமல் எனக்குத் தெரியாதா? நீ தட்டும்போதெல்லாம் டப்பாவைத் திறப்பேன். அப்புறம், அவனே வந்து கேக்கட்டும்னு மூடிடுவேன். நீ கேக்கல."

"உங்ககிட்ட இருக்குன்னு தெரிஞ்சாத்தானே அண்ணே கேக்கிறது? நீங்க குடுக்கல."

இவர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார். "பிளக் எரியவே இல்லண்ணே. அரம் போட்ட துருவல் உள்ள போய் உக்காந்திருக்கு."

என் லென்ஸை வாங்கி அண்ணன் பார்த்தார், கண்ணை இடுக்கி, திருப்பித் திருப்பி. "இது நீ போட்ட அரம்டா. நான் போட்டா இவ்வளவு முரட்டுத் துருவல் வராது."

"முரட்டு அரம் வெச்சிருந்தது நீங்கதான்!"

"வாயை மூடிக்கிட்டு ரெண்டு பேரும் முதல்ல இன்ஜினை ஓட்டுங்க!" என்று நானும் ஓரகத்தியும் ஒரே நேரத்தில் கத்தினோம், நான் கீழேயும் அவர் மேலேயுமாக.

வாஷர் உட்கார்ந்தது, தலை இறுகியது. இவர் விசிறிக்கு முன்னால் குந்தினார். பேட்டரி கிளிப்பை எடுத்து அண்ணனிடம் நீட்டினார்.

"நீங்க மாட்டுங்க."

அண்ணன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "நீயே மாட்டிக்கோடா. எனக்குத்தான் மாட்டத் தெரியாதே."

"தெரியும்ணே," என்றார் இவர். "அன்னிக்கும் சரியாத்தான் மாட்டினீங்க."

அண்ணன் மாட்டினார். கிளிப்பை ஒருமுறை அசைத்துப் பார்த்துக்கொண்டார். இவர் தட்டினார், ஒரே தட்டு. இன்ஜின் வீறிட்டது. "எடுங்க," என்று கத்தினார். அண்ணன் கிளிப்பைக் கழற்றினார். சத்தம் ஒரு இம்மியும் இறங்கவில்லை. விளக்கெண்ணெய்ப் புகை முற்றம் முழுக்கப் பரவியது. சந்திலிருந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. இவர் அழுதார். புகை என்று சாக்குக்கூடச் சொல்லவில்லை. அண்ணன் தம்பியின் தோளில் கைவைத்து, தையல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவர் மாதிரி தடவிக்கொண்டே இருந்தார். ஸ்பிரிட் தீர்கிற வரை யாரும் அசையவில்லை.

ஆனால் லாரி கிளம்பத்தானே வேண்டும். இவர் சூடு ஆறாத இன்ஜினைத் துண்டில் பிடித்துக் கட்டையிலிருந்து கழற்றினார். "இறக்கை அங்க, இன்ஜின் இங்கன்னு இருந்தா எப்படிப் பறக்கும்? கொண்டுபோங்க," என்று அண்ணன் கையில் வைத்தார். வைத்தவர், என்ன நினைத்தாரோ, திரும்ப வாங்கித் தலையைத் திருகிக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பிளக் என்கிட்ட இருக்கட்டும். அப்பதான் நான் வந்தாகணும்."

அண்ணன் இன்ஜினைத் திரும்பக் கையில் வாங்கினார். தலையில்லாத இன்ஜினில் ஒட்டியிருந்த வாஷரை நகத்தால் நெம்பி எடுத்துப் பொத்தான் டப்பாவில் போட்டு மூடினார். "இது என்கிட்ட இருக்கும். நீ வந்து கேளு."

"கேக்கறேண்ணே."

லாரி தெருமுனை திரும்பியதும் இவர் லிஃப்டில் ஏறினார். எங்கள் மாடியில் இறங்கவில்லை. மேல் மாடி வரை போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுக் கீழே வந்தார். அதற்குள் போன் அடித்தது. லாரி இன்னும் ஊர் எல்லையைக்கூடத் தாண்டியிருக்காது. "இல்லண்ணே, அது உங்க அரம்தான்," என்று இவர் கத்துவது குளியலறை வரை கேட்டது.

குப்பி மறுபடி அலமாரியில் இருக்கிறது, அதே பஞ்சோடு. இப்போது அதைச் சாட்சி என்று சொன்னால் இவருக்குக் கோபம் வருகிறது. அடுத்த வாரம் அண்ணன் வீட்டுக்குக் கிளம்புகிறோம். பிளக் குப்பி அவருடைய சட்டைப் பையில் வருமாம். விளக்கெண்ணெய் டப்பாவை வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வரவேண்டியது நான்.